உள்ளே யாரும் இல்லை

பட்டப்பகலில் வௌவால்கள் பறந்தன!

ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. கொம்பேறி மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஏதோ ஒரு பாறைப் பிளவிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பீறிட்டு வந்தன. வெளிச்சம் பழகாமல் தடுமாறின. ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. திரும்பப் பிளவுக்குள் நுழையப் போய், நுழையாமலே விலகின.

மொக்கராசு ஜீப்பை நிறுத்தினான். நிறுத்தாமலும் வேறு வழியில்லை. முந்தின நாள் மழையில் சாய்ந்த ஈட்டி மரம் ஒன்று மலைப்பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது.

“நேத்தும் இப்படித்தான் வெளிய வந்துச்சுகளாம். எஸ்டேட்டு ஆளுக சொன்னாய்ங்க,” என்றான். “அதுகளே உள்ள இருக்க மாட்டாம ஓடியாருது. நாம உள்ள போகணும்ங்கிற. நல்லா இருக்கு உன் கணக்கு!”

லோசனி கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அங்கயற்கண்ணியிடமிருந்து நேற்றுக் காலையில் வந்த செய்தி அது. ‘கதவைக் கண்டுபிடிச்சிட்டேன்டி! உள்ள போறேன்.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு சொல் கூட இல்லை.

அக்காவுக்குப் பழைய படச்சுருள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அந்தக் காலத்தில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டிய ராமானுஜம் என்ற முதலாளி, தொலைந்துபோனதாக எல்லோரும் நினைத்த படங்களையெல்லாம் வாங்கி வாங்கி இந்த மலைக்குகையில் பதுக்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு வருடமாக அலைந்தாள். ‘மரகதத் தேரோட்டி’ என்ற படம் மட்டும் கிடைத்துவிட்டால் ஜென்மம் சாபல்யம் என்பாள். வெளிநாட்டில் இருக்கும் ராமானுஜத்தின் மகனைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, உள்ளே போக அனுமதியும் வாங்கிவிட்டாள். அவர் போனில் சொன்ன ஒரு விஷயத்தைத் தங்கையிடமும் சொல்லியிருந்தாள். அதைத்தான் லோசனி இப்போது நினைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய படச்சுருள் தானாகவே பற்றிக்கொள்ளும் சரக்கு. பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. அதனால் குகைக்குள் ஆள் இல்லாதபோது, மகன் பொருத்திய ஓர் எந்திரம் காற்றை வெளியே தள்ளிவிட்டு நைட்ரஜன் வாயுவை நிரப்பிவிடும். நெடுநாள் யாரும் வராவிட்டால் உறங்கிவிடும்; கதவு திறந்து மூடினால் விழித்து, பாறைப் பிளவுகளில் கசியக் கசிய விட்டு விட்டு நிரப்பும். நெருப்பும் மூச்சு விட முடியாது, மனிதனும் மூச்சு விட முடியாது. ஆள் உள்ளே வந்தால் எந்திரம் தெரிந்துகொண்டு நல்ல காற்றைத் திருப்பிவிடும்.

ஆள் வந்தது தெரிந்திருந்தால் அக்கா ஏன் திரும்பவில்லை?

“தீயணைப்பு வண்டி கீழ மண்சரிவுல மாட்டி நிக்குது. அவுக வர்ற வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது,” என்று லோசனி குதித்து இறங்கினாள். “மச்சான், நீங்க வராட்டிப் பரவாயில்ல.”

“வராட்டிப் பரவாயில்லையா! அப்புறம் எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடுமா?” மொக்கராசு அவளுடைய அத்தை மகன். போடியிலிருந்து எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். வாய் பயந்தாலும் கால் பின்வாங்காத ஆள். பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டால் மட்டும் கோபம் வரும். இந்தக் காலத்தில் அந்தச் சுருக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியுமே!

பின்சீட்டிலிருந்து மூன்றாவது ஆள் கயிற்றுச் சுருளோடு இறங்கினான். உத்தமபாளையத்து ரபீக். மலையேறப் பழக்குவது அவன் தொழில். “பேசிக்கிட்டே நின்னா மழை வந்துரும் மாமா. நடங்க!” என்று முன்னால் போனான்.

காட்டில் ஒரு பறவைச் சத்தம் இல்லை. மூடுபனி பாறைகளில் அப்பிக்கொண்டு நகர மறுத்தது. செங்குத்தான இடத்தில் ரபீக் முதலில் ஏறிக் கயிறு விட்டான். லோசனி ஏறிவிட்டாள். மொக்கராசு பாதியில் வழுக்கினான்! கயிறு சரசரவென்று ஓட, ரபீக் விடவில்லை. வெறுங்கையால் இறுக்கிப் பிடித்தான். மொக்கராசு பிழைத்தான். ரபீக்கின் உள்ளங்கையும் விரல்களும் தோலுரிந்து ரத்தமாயின.

லோசனி தன் துப்பட்டாவைக் கிழித்து அவன் இரண்டு கைகளையும் விரல் நுனி வரை பொதிந்து கட்டினாள்.

“குத்துச்சண்டைக்கு அனுப்புற மாதிரி கட்டிட்டியே தாயி,” என்று ரபீக் சிரிக்கப் பார்த்தான். வலியில் சிரிப்பு வரவில்லை.

புதர்களை விலக்கியதும் கதவு தெரிந்தது. பாறையோடு பாறையாகச் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புக் கதவு. மேலே பாசி படிந்த சூரியத் தகடுகள். கதவருகே இடுப்புயரத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் திரை. கீழே மண்ணில் ஒரு காலடித் தடம், உள்ளே போன திசையில் மட்டும்.

“அக்கா!” என்று லோசனி கத்திக் கதவில் தட்டினாள். கதவு கனமானது. சத்தம் உள்ளே போன மாதிரியே இல்லை.

திரையில் லேசாகப் படிந்திருந்த தூறலைத் துடைத்து விரலை வைத்தாள். உடனே விழித்தது. சென்னையில் அவள் பார்க்கும் வேலையே இதுதான். தொட்டால் விழிக்கும் கண்ணாடி, ஆள் நுழைந்தால் எரியும் விளக்கு, கீழே விழுந்தால் ‘அடிபட்டதா’ என்று கேட்கும் கைப்பேசி, இவற்றுக்கெல்லாம் அறிவு புகட்டுகிற கம்பெனி அது. அதனால் அந்தத் திரையைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. தெரிந்த சாதிதானே!

திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பொத்தான்கள். மேலே ‘வருகிறேன்’. கீழே ‘போகிறேன்’.

“ரபீக் அண்ணே, நீங்க வெளியவே இருங்க. அரை மணி நேரத்துல நாங்க திரும்பலன்னா இதைத் தொட்டுக் கதவத் திறங்க,” என்றாள் லோசனி. “மச்சான், வாங்க. உள்ள போறோம்.” சொல்லிக்கொண்டே ‘போகிறேன்’ என்பதைத் தொட்டாள்.

கதவு உறுமிக்கொண்டு நகர்ந்தது. உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பெண் குரல்தான், ஆனால் எந்தப் பெண்ணுக்கும் சொந்தமில்லாத குரல்.

“நன்றி. சென்று வாருங்கள்.”

“பாத்தியா, வாசல்லயே நம்மள வழியனுப்புது!” என்றான் மொக்கராசு. சிரித்தான். ஆனால் உள்ளே கால் வைத்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அவர்களுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. கும்மிருட்டு. டார்ச் வெளிச்சத்தில் இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. அவற்றில் வட்ட வட்டமான தகரப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ராமானுஜம் கெட்டிக்காரர்தான்! ஒரு காலத்துச் சிரிப்பும் அழுகையும் அத்தனையும் அங்கே தகரத்துக்குள் கிடந்தன. ஆனால் அதை ரசிக்க யாருக்கு மனசு வரும்?

“விளக்கு ஏன் எரியல?” என்று லோசனி முணுமுணுத்தாள்.

கூரையில் ஒரு சிவப்புப் புள்ளி. அவள் ஓரடி வைத்தால் அது மினுக்கியது. நின்றால் அணைந்தது. இன்னோர் அடி வைத்தாள். மறுபடி மினுக்கியது.

“அது என்னாது? கண்ணா?”

“கண்ணு மாதிரிதான் மச்சான். நம்ம உடம்புச் சூடு நகர்றத அது பாக்கும். அசையாம நின்னா அதுக்கு நாமளும் செவுரும் ஒண்ணு. ஆபீஸ் பாத்ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்தா லைட்டு அணைஞ்சுரும்ல, கைய ஆட்டுவோம்ல, அந்த மாதிரி.”

“அப்ப நம்மளப் பாக்குதுல்ல?”

“பாக்குது.” லோசனி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். சிவப்புப் புள்ளி விடாமல் மினுக்கியது. விளக்கு மட்டும் எரியவில்லை. “பாக்குது. ஆனா நம்ப மாட்டேங்குது.”

அப்போது அந்தக் குரல் இருட்டிலிருந்து நிதானமாகச் சொன்னது:

“வௌவால் அசைவு. உள்ளே யாரும் இல்லை.”

மொக்கராசு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “ஏய்! நாங்க இருக்கோம்! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?” என்று கூரையைப் பார்த்துக் கத்தினான்.

“உள்ளே யாரும் இல்லை.”

எங்கோ சுவருக்குள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் தொடங்கியது. மெல்லிய சத்தம்தான். குக்கரில் ஆவி கசிவது போல. லோசனிக்கு அது என்னவென்று உடனே புரிந்தது.

“வெளிய போகணும் மச்சான்! இப்பவே!”

இருவரும் கதவுக்கு ஓடினார்கள். உட்புறத்திலும் ஒரு திரை இருந்தது. அதில் ‘கதவைத் திற’ என்று ஒரே பொத்தான். மேலே பாறையிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி அந்தத் திரையின் மேல் வழிந்துகொண்டிருந்தது. லோசனி சட்டை விளிம்பால் துடைத்துவிட்டு அழுத்தினாள்.

“நீர்த்துளி. புறக்கணிக்கப்பட்டது.”

மறுபடி அழுத்தினாள். ஐந்து விரலையும் வைத்தாள். மொக்கராசு தன் பெரிய உள்ளங்கையால் அறைந்தான்.

“நீர்த்துளி. புறக்கணிக்கப்பட்டது.”

அவர்களைச் சொட்டும் தண்ணீர் என்கிறது அது! அசைந்தால் வௌவால், தொட்டால் தண்ணீர். மனிதர் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது. அக்காவும் இதே இடத்தில் நின்று இதே கண்ணாடியை அறைந்திருப்பாள் என்று லோசனி நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

“ரபீக்! மாப்ள! திற!” மொக்கராசு கதவை உதைத்தான். வெளியே ஏதோ தொம் தொம்மென்று இடிக்கிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்பது போல் கேட்டது. கதவு அசையவில்லை.

பிறகு மொக்கராசு சிரித்தான்.

திடீரென்று, காரணமே இல்லாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “நான் வௌவாலாம்ல… எங்கம்மாகிட்டப் போயிச் சொல்லணும்… ஒன் மகன் வௌவாலுன்னு…”

“மச்சான், சிரிக்காதீங்க!”

“ஏன்டி? நல்லாத்தான இருக்கு எனக்கு.”

அதுதான் அந்த வாயுவின் வஞ்சகம். நாற்றம் கிடையாது, மூச்சு முட்டாது, தொண்டை எரியாது. கள்ளுக் குடித்த மாதிரி ஒரு மிதப்பு வரும். அப்புறம் முழங்கால் மடங்கும். விழுந்தவன் விழுந்தது தெரியாமலே போய்விடுவான். லோசனிக்கு உதடுகள் மரத்துப்போயிருந்தன. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதே ஆபத்து என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால்தான் பிழைத்தாள்.

தலைக்கு மேல் சடசடவென்று இறக்கைச் சத்தம்! குகையின் பின்கோடியில் மிச்சமிருந்த வௌவால்கள் கிளம்பின. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். எல்லாம் ஒரே மூலையை நோக்கி, மேலே மேலே போயின.

“அதுக போற பக்கம் காத்து இருக்கு!” அவள் மொக்கராசுவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க!”

“எதுக்கு… இங்கனயே உக்காருவோம்…”

“ஏ மொக்கை! எந்திரிடா!”

அந்த ஒரு சொல் வேலை செய்தது. “யாரைடி மொக்கைங்கிற!” என்று அவன் ஆவேசமாகக் கிளம்பினான். அவள் ஓட, அவன் திட்டிக்கொண்டே துரத்தினான். பின்கோடி அலமாரியில் லோசனி ஏணியில் ஏறுவது போல் ஏறினாள். கால்கள் கனத்தன. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. தகரப் பெட்டி ஒன்று காலில் பட்டுச் சரிந்து தரையில் மணிபோல் ஒலித்துக்கொண்டு உருண்டோடியது. “வௌவால் அசைவு,” என்றது குரல். அலமாரியின் உச்சிக்கு மேல் பாறையில் ஒரு திட்டு. அதில் கையை ஊன்றித் தாவினாள்.

கை ஒரு மனிதக் காலின் மேல் பட்டது.

லோசனி அலறியேவிட்டாள். அந்தக் கால் சில்லென்று இருந்தது. அசையவில்லை. ஒரு கணம், அந்த ஒரே ஒரு கணம், அவள் உலகமே நின்றது.

“மெதுவாடி… அதுதான் ஒடிஞ்ச காலு,” என்றது ஒரு முனகல்.

“அக்கா!”

அங்கயற்கண்ணி சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். அவள் முகம் பாறையில் ஒரு குறுகிய பிளவுக்குள் செருகியிருந்தது. அதன் வழியாக மெல்லிய பகல் வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் வந்தன. வௌவால்கள் அவள் முடியை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தன. ஒரு நாள் முழுக்க அவள் அந்தப் பிளவிலிருந்து மூச்சை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். லோசனி அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். பின்னால் மொக்கராசும் ஏறி வந்து, பிளவில் மூக்கை வைத்து இரண்டு இழுப்பு இழுத்ததும் பித்தம் தெளிந்தவன் போல் விழித்தான்.

“வௌவா பின்னாடியே ஏறுனேன். பெட்டி சறுக்கி அலமாரிமேல விழுந்துட்டேன். அங்கனயிருந்து ஊர்ந்துதான் இங்க வந்தேன்,” என்றாள் அக்கா, நாக்கு ஒட்ட. “போனு மட்டும் கேட்டுச்சுடி, ‘பலமா விழுந்துட்டீங்களா’ன்னு. ஆமான்னேன். சிக்னல் இல்லன்னுருச்சு.” சிரிக்க முயன்று இருமினாள். “நீங்க கத்துனது கேட்டுச்சு. எனக்குத்தான் சத்தம் வரல.”

“அக்கா, இது ஏன் நம்மள ஆளாவே மதிக்கல? நீ உள்ள வரும்போது என்ன செஞ்ச?”

“என்ன செய்வாக? தொட்டேன், திறந்துச்சு, வந்தேன். ‘சென்று வாருங்கள்’னு சொல்லுச்சு. எவ்வளவு மரியாதைன்னு நெனச்சேன்.”

லோசனி அப்படியே உறைந்தாள். சென்று வாருங்கள். உள்ளே வருகிறவரிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? ‘உள்ள போறேன்’ என்று அக்கா எழுதினாள். ‘உள்ள போறோம்’ என்று தானும் சொன்னாள். சொல்லித்தானே அந்தப் பொத்தானைத் தொட்டாள்!

“ஐயோ அக்கா! நாமதான் போயிட்டோம்!”

“என்னடி சொல்ற?”

“அந்த வார்த்தையைக் கதவுக்கு வெளிய நிக்கிறவன் எழுதல, உள்ள இருக்கிறவன் எழுதியிருக்கான்! அவனுக்கு ‘வருகிறேன்’னா ஆள் உள்ள வருது. ‘போகிறேன்’னா ஆள் வீட்டுக்குப் போகுது. நாம உள்ள போறதா நெனச்சு, கிளம்பிட்டதா சொல்லிட்டோம். ஆள் போயாச்சுன்னு ஒரு தடவை முடிவு பண்ணிட்டா, அப்புறம் அசையிறதெல்லாம் வௌவால், தொடுறதெல்லாம் தண்ணி! வௌவாலும் தண்ணியும் தொல்லை பண்ணாம இருக்கத்தான் அப்படி வச்சிருக்காய்ங்க.”

“அப்ப நம்ம வாயாலயே நாம இல்லன்னு சொல்லிட்டமா?” என்றான் மொக்கராசு.

ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் இப்போது பெரிதாகியிருந்தது. பிளவில் ஒரு தலைக்குத்தான் இடம், மூன்று மூக்குகள். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. இனி இவளால் தாங்க முடியாது என்று லோசனிக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

அவள் பிளவில் வாயை வைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினாள். “ரபீக் அண்ணே!”

கீழிருந்து பதில் வந்தது. “தங்கச்சி! எங்கிட்டிருந்து பேசுற? கதவு திறக்க மாட்டேங்குது! மலையேறுற கொக்கியாலயும் இடிச்சுப் பாத்துட்டேன்!”

“இடிக்காதீங்க! ‘வருகிறேன்’ அமுக்குங்க!”

“வாறியா? வா தாயி, வா! இங்கனதான் நிக்கிறேன்!”

“நான் வரலண்ணே! வருகிறேன்! வருகிறேன்!”

“வாறியா, வரலையா? ஒண்ணு சொல்லு!”

எந்த வார்த்தைக் குழப்பம் கழுத்தை அறுத்ததோ, அதே குழப்பம் மறுபடியும் அறுத்தது. லோசனி தலையைப் பாறையில் முட்டிக்கொண்டாள். யோசி, யோசி! தான் தொட்டது எது? கீழே இருந்தது. குனிந்துதான் தொட்டாள்.

“மேல இருக்கிற பொத்தான்! திரையில மேல இருக்கிறது!”

ஓடுகிற காலடிச் சத்தம். பிறகு ரபீக்கின் குரல், உடைந்து: “தொட்டுட்டேன் தங்கச்சி! ரெண்டு கையாலயும் தொட்டுட்டேன்! ஒண்ணுமே ஆகல! யா அல்லா, நான் என்ன செய்வேன்!”

ரெண்டு கையாலும். அவள் கட்டிய கட்டு! அந்தக் கண்ணாடிக்குத் துணி தெரியாது, கொக்கி தெரியாது. உடம்புத் தோல் பட்டால்தான், அதில் ஓடுகிற துளி மின்சாரத்தால்தான், அதற்கு உணர்வு வரும். கட்டை அவிழ்க்கச் சொல்லலாம். இரண்டு கையும் பொதிந்தவன் எந்தக் கையால் அவிழ்ப்பான்?

“மூக்கு!” என்று அலறினாள். “மூக்கால தொடுங்கண்ணே!”

“மூக்காலயா?”

“மூக்காலதான்! முதல்ல கண்ணாடியை ஈரம் இல்லாமத் துடைங்க, அப்புறம் மூக்கு! மேல இருக்கிறதுல!”

அவளுக்குக் குரல் போய்விட்டது. அக்காவின் தலையைத் தூக்கிப் பிளவோடு வைத்துவிட்டு, அவளும் மொக்கராசும் விலகிக்கொண்டார்கள். மொக்கராசு கண்ணை மூடி ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வீரபாண்டி அம்மனாகத்தான் இருக்கும். லோசனிக்கு விரல்களில் உணர்வில்லை. இருட்டு உள்ளிருந்து மெல்ல மெல்ல நிறைவது போலிருந்தது.

“வருக,” என்றது குரல்.

குகை முழுக்க வெள்ளை விளக்குகள் படபடவென்று எரிந்தன! ஸ்ஸ்ஸ் நின்றது. எங்கோ பெரிய விசிறிகள் உறுமிச் சுழல, மலைக்காற்று ஈர வாசனையோடு புயலாகப் புகுந்தது.

“உள்ளே ஒருவர் இருக்கிறார்.”

“ஒருத்தர் இல்லடி என் ராசாத்தி, மூணு பேரு!” என்று மொக்கராசு கத்தினான். கத்திவிட்டு ஓவென்று அழுதான். லோசனியும் அழுதாள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கீழே கதவு திறந்து ரபீக் ஓடி வந்தான். மூக்கு நுனியில் பாசி ஒட்டியிருந்தது. மொக்கராசு முதுகில் அங்கயற்கண்ணியைக் கயிற்றால் கட்டி இறக்கினார்கள். அவளோ அந்த நிலையிலும் தரையில் உருண்டு கிடந்த தகரப் பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டினாள். மூடியில் மங்கிய எழுத்து: மரகதத் தேரோட்டி.

“எடுத்துக்கட்டுமாக்கா?”

“வேணாம்டி. இந்த ஈரத்துல கொண்டு போனா வீணாப் போயிரும். இருந்த எடத்துலயே வை. இருக்குன்னு தெரிஞ்சா போதும். முறையா வந்து எடுப்போம்.”

வெளியே வந்ததும் நால்வரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே படச்சுருள் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால், கிளம்பியதைச் சொல்லியே ஆக வேண்டும். “‘போறேன்’னு எப்படிச் சொல்றது? வாயில வரலையே,” என்று மொக்கராசு முனகினான். லோசனி திறந்த கதவுக்குள் டார்ச் அடித்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கிறவர்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அதற்குப் பிறகுதான் கீழே இருந்த பொத்தானைத் தொட்டாள். கதவு மூடியது. குரல் சொல்ல வேண்டியதைச் சொன்னது. யாரும் நின்று கேட்கவில்லை. மழை இறங்குவதற்குள் ஜீப்புக்குப் போக வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியது எப்படி என்று கேட்கிறீர்களா? பாதி மலையில் தீயணைப்பு ஆட்கள் எதிரே வந்தார்கள். போடி ஆஸ்பத்திரி வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. ரபீக் மூக்கைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. அக்காவின் கால் எலும்பு கூட ஆரம்பித்ததும், ராமானுஜத்தின் மகனே ஊருக்கு வந்து, முதல் வேலையாக அந்தத் திரையை மாற்றினார். இப்போது அதில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டே சொற்கள். பெட்டிகள் குளிர்ப்பெட்டிக்குள் ஒவ்வொன்றாக மலையிறங்கின.

லோசனி சென்னைக்குத் திரும்பியதும் தன் கம்பெனியில் ஒரு பெரிய சண்டை போட்டாள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கருவிக்குச் சந்தேகம் வந்தால், இருக்கிறார் என்றுதான் அது முடிவெடுக்க வேண்டும் என்றாள். வீணாக விளக்கு எரியுமே, கரண்ட் செலவாகுமே என்றார்கள். எரியட்டும் என்றாள். வௌவாலை மனிதன் என்று நினைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, மனிதனை வௌவால் என்று நினைக்கக் கூடாது என்றாள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

‘மரகதத் தேரோட்டி’யை முதன்முதலாகப் போடியிலேயே காட்டினார்கள். கூட்டம் தாங்கவில்லை. மொக்கராசும் ரபீக்கும் வாசலில் நின்று எல்லோரையும் உட்கார வைத்தார்கள். அங்கயற்கண்ணி இன்னும் முழுசாக மடங்காத காலை நீட்டிக்கொண்டு முன்வரிசையில். பக்கத்தில் லோசனி. விளக்குகள் அணைந்தன. கும்மிருட்டு.

லோசனியின் கை தன்னையறியாமல் பக்கத்து நாற்காலிக்குப் போனது. தடவித் தடவி ஒரு கையைத் தேடிப் பிடித்தது. சூடாக இருந்தது.

“இருக்கேன்டி,” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “படத்தைப் பாரு.”